வெளிநாட்டில் நிலைத்துவிட்டவர்களுக்கு: விசாவா, பிஆரா, குடியுரிமையா?

ஒரு நாட்டில் ஏழெட்டு ஆண்டு வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, அக்கம்பக்கத்தாரோடு பழகிவிட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். இருக்கிற விசாவைப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டிவிடலாமா, பிஆர் எனப்படும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது குடியுரிமையே வாங்கிவிடலாமா? பெரும்பாலோர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஏனென்று புரிகிறது. அன்றாட வாழ்க்கையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. மூன்று வகையினரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள், உடம்புக்கு வந்தால் ஒரே மருத்துவமனையில் காத்திருக்கிறார்கள், மாதக் கடைசியில் ஒரே மாதிரி கையைக் கடிக்கிறது.

வித்தியாசம் தெரிவதெல்லாம் ஏதாவது கோணலாகும்போதுதான். வேலை போகும், தாய் தகப்பன் படுத்த படுக்கையாவார்கள், வழக்கு ஒன்று வந்து சேரும், பிள்ளைக்கு 18 வயதாகும், எல்லையை மூடுவார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நாளை வைத்து இந்த முடிவை எடுத்தால் அது தப்பான முடிவாகவே அமையும். அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஆர் வாங்கத் தகுதி வந்த பிறகும் விசாவிலேயே தொடர்வதற்கு வெகு சிலருக்குத்தான் சரியான காரணம் இருக்கிறது. பிஆரா குடியுரிமையா என்பதை, "இந்த நாட்டை விட்டு நான் எவ்வளவு காலம் வெளியே இருக்க நேரலாம்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

விசாவிலேயே தொடர்வது

இதற்கும் நியாயமான பக்கம் உண்டு. இரண்டு மூன்று ஆண்டில் கிளம்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் வந்தவர்கள், வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இதுதான் வழி. வளைகுடாவில் சாதாரண ஊழியருக்குக் குடியுரிமை என்ற பேச்சே இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2019-இல் கொண்டுவந்த கோல்டன் விசாவும், அதே ஆண்டு சவுதி கொண்டுவந்த பிரீமியம் இக்காமா என்ற வசிப்பு அனுமதியும் முதலாளியின் பிடியிலிருந்து ஓரளவு விடுவிக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தகுதி பெறுபவர்கள் முதலீட்டாளர்கள், அதிக சம்பளக்காரர்கள், தனித்திறன் கொண்டவர்கள் என்ற வட்டத்துக்குள்தான். அமீரகத்தின் சாதாரண வசிப்பு விசா, 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாக ரத்தாகிவிடும். கோல்டன் விசாவுக்கு அந்தக் கெடு கிடையாது. எத்தனை ஆண்டு விசா என்பதைவிட இந்த ஒரு சலுகை பெரிது என்பேன்.

மற்ற நாடுகளில் விசாவின் குறை ஊரறிந்தது: அது வேலையோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசா வைத்திருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இரண்டும் நடக்காவிட்டால் கிளம்ப வேண்டும். வீட்டுக் கடன், பள்ளி, வீட்டுச் சாமான், கார் எல்லாம் அந்த 60 நாளுக்குள் அடங்கியாக வேண்டும். இந்த அழுத்தம் வேலை போகும் முன்பே மனிதரை வளைக்கத் தொடங்கிவிடுகிறது. சம்பள உயர்வு கேட்கத் தயங்குவார்கள், மேலாளர் அநியாயம் செய்தாலும் பொறுத்துப் போவார்கள். பல ஆண்டுகள் அப்படி அடங்கியே பழகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் விசா மாறிய பிறகும் லேசில் போவதில்லை.

விதிகள் நடுவழியில் மாறுவது இன்னொரு ஆபத்து. பிரிட்டனில் வேலை விசாவில் வந்தவர்கள் 5 ஆண்டில் நிரந்தரவாசம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வந்தார்கள். 2025 மே மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பொதுவான காத்திருப்பை 10 ஆண்டாக்கும் திட்டத்தை முன்வைத்தது. ஏற்கெனவே மூன்று, நான்கு ஆண்டு கழித்தவர்களின் வயிற்றில் அது புளியைக் கரைத்தது. தகுதி வந்தவுடன் விண்ணப்பித்தவர் தப்பித்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர் செய்திகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

விசாவின் உண்மையான பலவீனத்தைக் கொரோனா காலம் காட்டியது. ஆஸ்திரேலியா 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது குடிமக்களும் பிஆர்காரர்களும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தாரும் உள்ளே வரலாம் என்றது. தற்காலிக விசாவில் இருந்தவர்கள், வீடும் வேலையும் அங்கேயே இருந்தாலும், வெளியே மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டவர்கள்தான். விதிவிலக்கு கிடைத்தவர்கள் போக, மற்றவர்களுக்குப் பெரிய அளவில் கதவு திறந்தது 2021 டிசம்பரில்.

பிஆர்: உள்ளே இருக்கும்வரை உறுதி

பிஆர் கையில் வந்ததும் வரும் நிம்மதி பெரிது. வேலை போனாலும் இருக்கலாம், வேலை மாறலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம், வங்கிகள் கடன் தரத் தயங்குவதில்லை. பழைய நாட்டின் பாஸ்போர்ட்டும் கையிலேயே இருக்கிறது. "இதுக்கு மேல என்ன வேண்டும்?" என்று நினைப்பது இயல்பு. அந்த நாட்டை விட்டு அதிகம் நகராதவருக்கு உண்மையிலேயே இதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படாமல் போகலாம்.

ஆனால் பிஆர் என்பது அங்கே வசிப்பதற்காகக் கொடுக்கப்படுவது. வசிக்காவிட்டால் போய்விடும். எவ்வளவு காலத்தில் போகும் என்பதில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு இருக்கிறது.

கனடாவில் எந்த 5 ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அதில் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். தாராளமான விதி இது. தொடர்ந்து மூன்று ஆண்டு வெளியே இருந்தாலும் தப்பிக்கலாம். பிரிட்டனில் தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் நிரந்தரவாசம் காலாவதியாகிவிடும். அமெரிக்காவில் 1 ஆண்டுக்கு மேல் வெளியே தங்கினால், அந்நாட்டு பிஆர் அட்டையான கிரீன் கார்டைக் காட்டி மட்டும் உள்ளே வர முடியாது. நீண்ட நாள் ஆகும் என்று தெரிந்தால் கிளம்பும் முன்பே, அமெரிக்காவில் இருக்கும்போதே, ரீஎன்ட்ரி பர்மிட் எனப்படும் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது அதிகபட்சம் 2 ஆண்டுக்குச் செல்லும். ஜெர்மனியில் பொதுவான கெடு 6 மாதம்தான். உயர்தகுதி ஊழியர்களுக்கான புளூ கார்டு என்ற வேலை அனுமதி வழியாகப் பெற்றவர்களுக்கு 12 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பாளர் தகுதி என்ற தனிவகை ஒன்று இருக்கிறது. 5 ஆண்டு வசித்தவர்கள் கேட்டுப் பெறலாம். ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் இருந்தால்தான் அது பொதுவாகப் போகும். ஜெர்மனியில் இருப்பவர்கள் தேசிய வகை பிஆரை மட்டும் வாங்கிவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் சி பர்மிட் எனப்படும் நிரந்தரவாசமும் 6 மாதத்தில் போய்விடும். ஆனால் முன்கூட்டியே கேட்டால் 4 ஆண்டு வரை நிறுத்திவைக்க வழி உண்டு. கேட்காமல் போனவர்களுக்கு இல்லை.

சிங்கப்பூர் நிரந்தரவாசிக்கு ரீஎன்ட்ரி பர்மிட்தான் உயிர்நாடி. அது காலாவதியான நிலையில் வெளியே இருந்தால் நிரந்தரவாசத் தகுதியே ஆட்டம் கண்டுவிடும். ஆஸ்திரேலியாவில் பிஆர் விசாவோடு வரும் பயண அனுமதி 5 ஆண்டுக்கு. அதன்பிறகு உள்ளேயே இருந்தால் பிரச்சினை இல்லை, வெளியே போய் வரவேண்டுமென்றால் ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா எடுக்க வேண்டும். முழு 5 ஆண்டுக்கு அதைப் பெற, முந்தைய 5 ஆண்டில் 2 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். நியூசிலாந்து மட்டும் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். அங்கே பர்மனென்ட் ரெசிடென்ட் விசாவுக்குப் பயணக் கெடுவே கிடையாது. பிஆர் வைத்திருப்பவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் செய்கிறார்கள். நியூசிலாந்தில் இருப்பவர் குடியுரிமை வேண்டாம் என்று சொன்னால் அதை எதிர்த்துப் பேச என்னிடம் அதிகம் இல்லை.

இந்தக் கெடுக்களை வெறும் எண்ணாகப் படிக்கும்போது "யார் அவ்வளவு நாள் வெளியே இருக்கப் போகிறார்கள்" என்றுதான் தோன்றும். நடப்பது வேறு மாதிரி. அம்மாவுக்குப் பக்கவாதம் என்று செய்தி வருகிறது. இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். இரண்டு வாரம் இரண்டு மாதமாகிறது. வேலையிலிருந்து சம்பளமில்லா விடுப்பு வாங்குகிறீர்கள். பிஸியோதெரபியில் முன்னேற்றம் தெரிகிறது, இப்போது விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. ஐந்தாவது மாதம் ஜெர்மனியில் இருந்து போனவர் நாட்களை எண்ணத் தொடங்குகிறார். அதே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடிமகன் எண்ண வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து குடியுரிமையின் மிகப் பெரிய பயன் இதுதான்: விட்டுப் போகலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். பாஸ்போர்ட்டின் நிறமும் விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகளின் பட்டியலும் இதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும்.

ஜப்பானில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலில் ஜப்பான் பல நாடுகளிலிருந்து வருபவர்களைத் தடுத்தபோது, அதன்பிறகு அந்த நாடுகளுக்குப் போன நிரந்தரவாசிகளையும் தடுத்தது. பத்து, இருபது ஆண்டுகளாக அங்கேயே குடும்பம் நடத்தியவர்கள், மனிதாபிமான விதிவிலக்கு கிடைத்தால் ஒழிய, வெளியே போனால் திரும்ப முடியாத நிலை. ஜப்பானியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் முடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். வசிப்புரிமை உள்ள எல்லோருக்கும் செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. வெளியே யாருக்காவது இறுதிச் சடங்கு என்றால் போவதா இருப்பதா என்று அந்த மாதங்களில் தவித்தவர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்! அதே ஜப்பானில் 2024-இல் சட்டம் திருத்தி, வரியையும் சமூகக் காப்பீட்டுத் தொகையையும் வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் பிஆரைப் பறிக்கலாம் என்றும் வகை செய்திருக்கிறார்கள். வரி கட்டாத குடிமகனுக்கு அபராதமும் வழக்கும் வரும், நாடு போகாது.

சட்டச் சிக்கல் பற்றிச் சுருக்கமாக. குற்றம் செய்தால் பிஆர்காரரை நாடு கடத்தலாம், குடிமகனை முடியாது. "நான் என்ன குற்றம் செய்யப் போகிறேன்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2014 டிசம்பர் முதல், 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று முழுநேரச் சிறையில் இருப்பவரின் விசா தானாகவே ரத்தாகும். குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்த நியூசிலாந்துக்காரர்கள் பலர் இந்த விதியால் தங்களுக்குத் தெரியாத ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஆஸ்திரேலியக் குடியுரிமை கையில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

காகிதம் இல்லாதவரின் கதி

வசிப்புரிமை இருப்பது ஒன்று, அதை நிரூபிப்பது இன்னொன்று. பிரிட்டனில் விண்ட்ரஷ் தலைமுறைக்கு நடந்ததைவிடப் பெரிய பாடம் இதற்குக் கிடையாது. 1948-இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் வந்ததிலிருந்து 1973 வரை கரீபியத்திலிருந்தும் மற்றக் காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் வந்தவர்களுக்கு அங்கே வாழும் உரிமை சட்டப்படியே இருந்தது. ஆனால் பலர் கையில் அதற்கான காகிதம் எதுவும் கொடுக்கப்படவில்லை. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் வந்த பிள்ளைகளிடம் தனிப் பாஸ்போர்ட் கூட இல்லை. அவர்கள் வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை உள்துறை அலுவலகம் 2010-இல் அழித்துவிட்டது. பிறகு 2014, 2016 சட்டங்கள் வந்து, வீட்டுக்காரர், முதலாளி, வங்கி, மருத்துவமனை என்று எல்லோரும் குடியேற்ற ஆவணம் பார்க்கத் தொடங்கினார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டு வேலை பார்த்து வரி கட்டியவர்களிடம் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆதாரம் கொண்டுவா என்றார்கள். வேலை போனது, வீடு போனது, புற்றுநோய்ச் சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் அடைத்துவைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018-இல் விஷயம் வெடித்தபோது பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார், உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

இவர்களில் யாரும் சட்டத்தை மீறவில்லை. பலர் தங்களைப் பிரிட்டிஷ்காரர்கள் என்றே நம்பியிருந்தார்கள், அதனால்தான் விண்ணப்பம் போடவில்லை. "இத்தனை வருஷம் இருந்தாச்சு, நம்மை யார் கேட்கப் போறாங்க" என்று நினைக்கும் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும்.

குடியுரிமையின் விலை

குடியுரிமை இலவசமாக வருவதில்லை. விண்ணப்பக் கட்டணத்தைச் சொல்லவில்லை. பழைய நாட்டோடு இருந்த சட்டபூர்வமான தொடர்பு பலருக்கு அறுந்துபோகிறது. இந்தியா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இதைச் சொல்கின்றன. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற கணமே பழையது போய்விடும், தனியாக யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்காக 2005-இல் வந்த ஓசிஐ அட்டை போய்வரவும் தங்கவும் பெருமளவு உதவும். ஆனால் அதில் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசு வேலை பொதுவாகக் கிடைக்காது. இலங்கை விண்ணப்பித்துப் பெறும் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் 2022-இல் நிறைவேறிய 21-ஆம் திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்குப் போக முடியாது.

ஊரில் நிலம், வயதான பெற்றோர், திரும்பிப் போகும் எண்ணம் மூன்றும் இருப்பவருக்கு இது சாதாரண இழப்பில்லை. பழைய பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை விழும்போது கலங்குபவர்களை, "வெறும் காகிதம்தானே" என்று சமாதானப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. பிறந்த நாட்டில் வாக்களிக்கும் உரிமையை ஒருவர் பெரிதாக நினைத்தால், அதற்காகவே பிஆரோடு நிற்பதும் மதிக்கத்தக்க முடிவுதான்.

காத்திருப்பதும் சில சமயம் பலன் தரும். டென்மார்க் 2015-இலும் நார்வே 2020-இலும் இரட்டைக் குடியுரிமைக்குக் கதவைத் திறந்தன. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை என்றும் 8 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு போதும் என்றும் மாற்றியது. அதே சட்டத்தில் வந்த 3 ஆண்டுக் குறுக்குவழி மட்டும் 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் உங்கள் பழைய நாடும் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தால்தான் இதனால் உங்களுக்கு முழுப் பலன். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். புதிய நாட்டின் விதியை மட்டும் படித்துவிட்டு மகிழ்பவர்கள் ஏராளம்.

புதிய கடமைகளும் உண்டு. அமெரிக்கா தன் குடிமக்களிடம் அவர்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் வரிக் கணக்குக் கேட்கும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். கிரீன் கார்டுக்கும் இதே விதிகள்தான் என்பதால், அமெரிக்காவிலேயே இருப்பவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு வேறு நாட்டில் போய்க் குடியேற நினைப்பவருக்குத்தான் இது வாழ்நாள் சுமை. கிரீன் கார்டை வைத்துக்கொண்டே இருந்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. கடைசி 15 ஆண்டில் 8 ஆண்டு அதை வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர், சொத்து மதிப்பைப் பொறுத்து, வெளியேறும் வரிக் கணக்குக்குள் வரக்கூடும். ஏழாவது ஆண்டிலேயே ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய நாட்டுக் குடியுரிமையையும் வைத்திருந்தால், அங்கே சிக்கலில் மாட்டும்போது புதிய நாட்டுத் தூதரகம் பெரிதாகக் கைகொடுக்காது. ஒரு நாட்டுக்கு எதிராக அதன் சொந்தக் குடிமகனுக்கு இன்னொரு நாடு தூதரகப் பாதுகாப்பு கொடுக்க முடியாது என்று 1930-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவே சொல்கிறது.

பிள்ளைகளுக்கான கணக்கு வேறு

பெரியவர்களுக்குச் சரியான முடிவு பிள்ளைகளுக்குச் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. இதில் தேதிதான் எல்லாம். பிரிட்டனில் குழந்தை பிறக்கும்போது பெற்றோரில் ஒருவருக்கு நிரந்தரவாசம் இருந்தால் குழந்தை பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடிமகன். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஜெர்மனியில் பெற்றோரில் ஒருவர் 5 ஆண்டு சட்டப்படி வசித்து, நிரந்தர உரிமையும் பெற்றிருந்தால் அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் பிஆர் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

அமெரிக்காவில், பிஆர் உள்ள பிள்ளை 18 வயதுக்குள் இருந்து, பெற்றோரோடு வசிக்கும்போது பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்றால், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளையும் தானாகவே குடிமகனாகிவிடும். 18 தாண்டினால் பிள்ளை தனியே விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும். கிரீன் கார்டுக்கே இன்னும் காத்திருக்கும் குடும்பங்களில் 21 வயதுதான் எமன். அதைத் தாண்டினால் பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும் அபாயம் உண்டு. காத்திருந்த காலத்தில் ஒரு பகுதியை வயதிலிருந்து கழிக்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது, அது எல்லோரையும் காப்பாற்றுவதில்லை.

சிங்கப்பூரில் கணக்குத் தலைகீழ். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகன்களுக்கு 2 ஆண்டு கட்டாயத் தேசிய சேவை (பெரும்பாலும் ராணுவப் பணி) உண்டு. அதைச் செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ வரும்போது அது எதிராக நிற்கும். பையனுக்குப் பிஆர் வாங்கும்போதே அந்த முடிவையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

ஒருவர் மட்டும் மாறினால்?

இரட்டைக் குடியுரிமை இல்லாத நாட்டிலிருந்து வந்த தம்பதிகள் பலர் இந்த வழியைப் பிடிக்கிறார்கள். ஒருவர் புதிய குடியுரிமை எடுப்பது, இன்னொருவர் பழையதை விடாமல் பிஆரோடு நிற்பது. பழைய நாட்டில் சொத்து, வங்கி, வாக்கு எல்லாம் ஒருவர் பெயரில் தொடரும், புதிய நாட்டில் இன்னொருவர் காலூன்றி நிற்பார். பிள்ளைகள் பெரும்பாலும் குடியுரிமை எடுத்தவர் வழியில் போவார்கள். எனக்கு இது பிடித்த ஏற்பாடு, ஆனால் நாட்டைப் பொறுத்தது.

கனடாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கனடியக் குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்களும் பிஆர்காரரின் 730 நாள் கணக்கில் சேரும். அமெரிக்காவில் கிரீன் கார்டு போய்விட்டாலும், குடிமகனின் துணைக்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பு இல்லாமல் மறுபடி விண்ணப்பிக்கலாம், சில மாதங்களோ கூடுதலோ ஆகும் அவ்வளவுதான். பிரிட்டனில் கவனம் தேவை. நிரந்தரவாசம் காலாவதியான துணையை மறுபடி அழைத்துவர, திரும்பிவரும் வசிப்பாளர் விசா கிடைக்காவிட்டால், துணை விசாதான் வழி. அதற்கு 2024 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. முதலில் அது 18,600 ஆக இருந்தது. ஓய்வு பெற்ற தம்பதிக்கு இந்த எண் சுவராக நிற்கும்.

விண்ணப்பிக்கும் முன்

குடியுரிமைப் படிவங்களில் ஆளைக் களைப்பாக்குவது தேர்வோ நேர்காணலோ இல்லை, பயணப் பட்டியல்தான். கனடா 5 ஆண்டில் 1,095 நாள் உள்ளே இருந்ததைக் கணக்குக் காட்டச் சொல்லும். பிரிட்டன் 5 ஆண்டில் வெளியே இருந்தது 450 நாளுக்குள்ளும், கடைசி ஆண்டில் 90 நாளுக்குள்ளும் இருக்க வேண்டும் என்னும். அமெரிக்கா 5 ஆண்டில் 30 மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பதோடு, 6 மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பயணம் தொடர்ச்சியை முறித்ததாகக் கருதும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைகளைப் பார்த்து எழுதிவிடலாம். இப்போது தானியங்கிக் கதவுகள் வந்த விமான நிலையங்களில் முத்திரையே விழுவதில்லை, விழுந்த பழைய முத்திரைகளிலும் மை கலங்கித் தேதி 3-ஆ 8-ஆ என்று தெரிவதில்லை. இன்றே ஒரு நோட்டில் போன தேதி, வந்த தேதி, விமான எண் என்று எழுதத் தொடங்குங்கள். டிக்கெட் மின்னஞ்சல்களை ஒரு தனி இடத்தில் சேர்த்து வையுங்கள். வரி ரசீதுகளும் வாடகை ஒப்பந்தங்களும் அதோடு இருக்கட்டும்.

பழைய குடியுரிமையைத் துறந்தால்தான் புதியது என்று சொல்லும் நாட்டில், புதியது கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி வரும்வரை பழையதில் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக நின்றுவிட நேரலாம்.

உறுதிமொழி நாளையும் யோசித்து வையுங்கள். அமெரிக்காவில் அந்த நிகழ்ச்சியிலேயே கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புதிய பாஸ்போர்ட் வரும்வரை பயணம் செய்ய எதுவும் கையில் இருக்காது, இரட்டைக் குடியுரிமை இல்லாதவருக்குப் பழைய பாஸ்போர்ட்டும் அன்றோடு செல்லாது. அந்த வாரங்களில் டிக்கெட் எதுவும் போட்டு வைக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு மோசமாக இருந்தால், உறுதிமொழித் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள், அல்லது அவசரப் பாஸ்போர்ட்டுக்கு நேரில் போகும் அலுவலகம் எங்கே என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.